எபிரெயர் நிருபத்தின் ‘என்றென்றைக்கும்’: எய்ஸ் தொ டியேனெக்கெஸ் என்ற தொடரை நீங்களே ஆராய ஒரு வழிகாட்டி

எபிரெயர் 7-ம் அதிகாரத்தைத் தமிழில் வாசிப்பவருக்கு 3-ம் வசனத்தின் ‘என்றென்றைக்கும்’ வேறு, 17-ம் வசனத்தின் ‘என்றென்றைக்கும்’ வேறு என்று தெரிய வழியே இல்லை. கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு தொடர்கள். 17-ல் இருப்பது ‘எய்ஸ் தொன் ஐயோன’. 3-ல் இருப்பது ‘எய்ஸ் தொ டியேனெக்கெஸ்’. இந்த இரண்டாவது தொடர் புதிய ஏற்பாட்டிலேயே நான்கு இடங்களில்தான் வருகிறது. நான்கும் எபிரெயரில்: 7:3, 10:1, 10:12, 10:14.

கிரேக்கச் சொல்லாராய்ச்சியை இந்தத் தொடரிலிருந்து தொடங்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ‘நித்திய’ என்று பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படும் ‘ஐயோனியொஸ்’ புதிய ஏற்பாட்டில் 70 தடவையை ஒட்டி வருகிறது. அதன் மூலச்சொல்லான ‘ஐயோன்’ 120-க்கும் மேல். புதிதாக வருகிறவர் அதில் கால் வைத்தால் கரை தெரியாது. நான்கே வசனங்கள் என்றால் ஒவ்வொன்றையும் முழுமையாகப் பார்க்கலாம், யார் சொன்னதையும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கிரேக்க இலக்கணம் படிக்காத வேதபாட ஆசிரியர், பிரசங்கம் தயாரிப்பவர், இறையியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. எழுத்துப் பழக்கத்துக்கு ஒரு வாரமும், ஆராய்ச்சிக்கு மூன்று மாலை வேளைகளும் ஒதுக்குங்கள்.

1. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

பணம் கொடுக்காமலே முழு வேலையையும் முடிக்கலாம். மொபைலோ கணினியோ, இணையமும் இருந்தால் போதும்.

கிரேக்க மூலத்துக்கு 2010-ல் வந்த எஸ்.பி.எல். கிரேக்கப் புதிய ஏற்பாடு இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரிகளில் வழக்கமாகப் பயன்படுவது நெஸ்லே–ஆலண்ட் 28-ம் பதிப்பு (2012). அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். நம் நான்கு வசனங்களைப் பொறுத்தவரை இலவசப் பதிப்பே தாராளம்.

சொல்லுக்குச் சொல் பார்க்க ஸ்டெப் பைபிள், பைபிள் ஹப் இரண்டும் இலவசம். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் அகராதி வடிவம், ஸ்ட்ராங் எண் (ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் ஸ்ட்ராங் என்பவர் கொடுத்த வரிசை எண்), வரும் இடங்கள் எல்லாம் வரிசையாக வரும்.

அகராதிகளில் தேயர், லிடல்–ஸ்காட்–ஜோன்ஸ் இரண்டும் இணையத்தில் இலவசம். தேயர் 1880-களில் வந்தது. எகிப்துப் பாப்பிரஸ் ஏடுகளின் சாட்சியம் பெருமளவில் சேர்க்கப்படுவதற்கு முந்தையது. ஆகவே மேற்கோள் இடங்களைத் தேட அதைப் பயன்படுத்துங்கள், முடிவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். இன்று துறையில் முதலிடத்தில் இருப்பது பவர்–டான்கர் அகராதியின் 2000-ம் ஆண்டுப் பதிப்பு. புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரே சொல்லுக்காக அதை வாங்காதீர்கள். அருகில் இறையியல் கல்லூரி நூலகம் இருந்தால் போய், அந்த ஒரு பதிவைப் படித்துக் குறித்துக்கொள்ளலாம். அது அரைப் பத்திகூட வராது. போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வெளியாட்களை அனுமதிக்கும் நாளும் நேரமும் ஊருக்கு ஊர் வேறுபடும். அடையாள அட்டையையும் உங்கள் சபைப் போதகரின் அறிமுகக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோனால் வாசலில் பேச்சு வளராது. ஏப்ரல், மே விடுமுறையில் போகாதீர்கள்.

தமிழுக்கு 1871-ன் ஐக்கிய மொழிபெயர்ப்பு, அதாவது சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல், கண்டிப்பாக வேண்டும். பக்கத்தில் 1995-ன் திருவிவிலியமும் இருக்கட்டும்.

2. எழுத்துகள்: ஒரு வாரம், தினமும் அரை மணி

மொத்தம் 24 எழுத்துகள். நமக்கு வேண்டிய சொல்லில் எட்டே எழுத்துகள்தான். கண் ஏமாறுகிற இடங்களை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ‘ஏட்டா’ என்ற எழுத்து ஆங்கிலச் சிறிய ‘என்’ போலத் தெரியும். அதன் ஒலி நெடில் ஏகாரம். ‘நியூ’ ஆங்கில ‘வி’ போலத் தெரியும், அதுதான் னகரம். ‘ரோ’ ஆங்கில ‘பி’ போல இருக்கும், அது ரகரம். சொல்லின் கடைசியில் வரும் ஸகரத்துக்குத் தனி வடிவம் உண்டு.

தமிழ் வாசகருக்கு இங்கே பெரிய வசதி இருக்கிறது. கிரேக்கத்தில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்துகள். ஆங்கில எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட மேலே கோடு போட வேண்டும். தமிழில் அப்படியே எழுதலாம்: டி-யே-னெ-க்கெஸ். அகராதியில் தலைச்சொல்லாக இருப்பது ‘டியேனெக்கேஸ்’, கடைசி உயிர் நெடில். வசனத்தில் வருவது ‘டியேனெக்கெஸ்’, கடைசி உயிர் குறில். ‘டியேனெக்கோஸ்’ என்றால் வினையடை. ஆகவே ஆங்கில ஒலிபெயர்ப்பைப் பார்த்து நோட்டில் எழுதாதீர்கள். கிரேக்க எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுங்கள். குறில் நெடில் தவறாது.

3. சரியான சொல்லைப் பிடியுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தேடும் வழி மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம்.

தமிழ் கன்கார்டன்ஸில், அதாவது ஒவ்வொரு சொல்லும் வரும் வசனங்களைத் தரும் அட்டவணையில், ‘என்றென்றைக்கும்’ என்று தேடினால் இரண்டு கிரேக்கத் தொடர்களும் கலந்து வரும். அதோடு 10:1 வரவே வராது. ஏன் என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

ஸ்ட்ராங் எண்ணால் தேடலாம். டியேனெக்கேஸ் 1336, ஐயோன் 165, ஐயோனியொஸ் 166, அயிடியொஸ் 126. ஆனால் ஸ்ட்ராங் எபிரெயச் சொற்களுக்கும் 1-லிருந்தே தனி வரிசை வைத்திருக்கிறார். வெறும் 1336 என்று போட்டால் சில செயலிகள் சம்பந்தமே இல்லாத எபிரெயச் சொல்லில் கொண்டுபோய் விடும். எண்ணுக்கு முன்னால் கிரேக்கத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்க்க வேண்டும்.

கிரேக்க எழுத்திலேயே தேடினால் இன்னொரு சிக்கல். சொல்லின் கடைசி உயிர்மேல் அழுத்தக்குறி இருக்கிறது. பின்னால் நிறுத்தக்குறி இருந்தால் அது வலப்பக்கம் ஏறும் கோடாக அச்சாகும். இன்னொரு சொல் ஒட்டி வந்தால் இடப்பக்கம் ஏறும் கோடாக மாறிவிடும். 7:3-ல் இது வாக்கியத்தின் கடைசிச் சொல், ஆகவே முதல் வகை. 10:14-ல் அடுத்த சொல் தொடர்வதால் இரண்டாம் வகை. 7:3-லிருந்து நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் ஒரே இடம்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். சொல் வடிவத்தைத் தேடாமல் அகராதி வடிவத்தைத் தேடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வந்தால் சரி. மூன்றோ ஒன்றோ வந்தால் தேடலில் கோளாறு.

4. நான்கு வசனங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்

திரையில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தால் பிடிபடாது. ஒரு முழுத்தாளைக் குறுக்காக வைத்து ஐந்து பத்திகளாகக் கோடு போடுங்கள்: வசன எண், வினை, யார் அல்லது எது, தமிழ்ச் சொல், எல்லை எதுவும் சொல்லப்பட்டிருக்கிறதா. கடைசிப் பத்தி முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

7:3. வினை ‘நிலைத்திருக்கிறான்’. ஆள் மெல்கிசேதேக்கு. பழைய திருப்புதல்: ‘என்றென்றைக்கும்’. எல்லை சொல்லப்படவில்லை, ‘நாட்களின் துவக்கமும் ஜீவனின் முடிவும்’ இல்லாதவன் என்று முன்னாலேயே வந்துவிடுகிறது.

10:1. வினை ‘செலுத்துகிறார்கள்’. நியாயப்பிரமாணத்தின் பலிகள். பழைய திருப்புதல்: ‘வருஷந்தோறும் இடைவிடாமல் செலுத்தப்பட்டுவருகிற’. என்றென்றைக்கும் என்று இல்லை, இடைவிடாமல்!

10:12. ‘செலுத்தி’, ‘உட்கார்ந்து’ என்று இரண்டு வினைகள். கிறிஸ்து. பழைய திருப்புதல்: ‘என்றென்றைக்கும்’.

10:14. வினை ‘பூரணப்படுத்தியிருக்கிறார்’. பரிசுத்தமாக்கப்படுகிறவர்கள். பழைய திருப்புதல்: ‘என்றென்றைக்கும்’.

இப்போது 10:1-ன் ‘இடைவிடாமல்’ என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே தொடரை மூன்று இடத்தில் ஒரு விதமாகவும் ஓரிடத்தில் வேறு விதமாகவும் பெயர்த்தது கவனக்குறைவு அல்ல. மொழிபெயர்த்தவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள். லேவியப் பலிகள் நித்தியமானவை என்று எபிரெயரின் ஆசிரியர் சொல்லவே மாட்டார். அவை நின்றுபோக வேண்டியவை என்பதுதான் அந்த அதிகாரத்தின் வாதம். அப்படிப்பட்ட பலிகளுக்கும் ‘எய்ஸ் தொ டியேனெக்கெஸ்’ பொருந்துகிறது என்றால், அந்தத் தொடர் தன்னளவில் முடிவின்மையைச் சொல்லவில்லை. இடையில் அறுபடாமல் தொடர்வதைச் சொல்கிறது. எதுவரை தொடரும் என்பதைப் பேசப்படும் பொருளே தீர்மானிக்கிறது. ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு வசனத்தில்தான் திரும்புகிறது. 10:1-ஐ விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் பார்ப்பவர் ‘இது நித்தியம் என்று பொருள்படும் சொல்’ என்று எழுதி முடித்துவிடுவார்.

ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு 7:3, 10:1 இரண்டிலும் ‘தொடர்ந்து’ என்ற பொருள் தரும் சொல்லையும், 10:12, 10:14 இரண்டிலும் ‘என்றைக்கும்’ என்ற பொருள் தரும் சொல்லையும் வைக்கிறது. ஆங்கில கன்கார்டன்ஸ் வழியாகப் போனாலும் சரிபாதி தவறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

5. தொடர் எந்த வினையோடு சேர்கிறது என்று பாருங்கள்

இதற்கு ஒரு மாலை முழுவதையும் கொடுங்கள்.

10:12-ல் கிரேக்கச் சொல்வரிசை இப்படி: ‘பாவங்களுக்காக ஒரு பலியைச் செலுத்தி – எய்ஸ் தொ டியேனெக்கெஸ் – உட்கார்ந்தார் தேவனுடைய வலதுபாரிசத்தில்’. தொடர் இரண்டு வினைகளுக்கும் நடுவில் நிற்கிறது. முன்னால் உள்ள ‘செலுத்தி’யோடு சேர்த்தால், என்றைக்கும் செல்லுபடியாகும் ஒரே பலி என்று வரும். பின்னால் உள்ள ‘உட்கார்ந்தார்’ என்பதோடு சேர்த்தால், எழுந்திருக்க வேண்டாதபடி உட்கார்ந்தார் என்று வரும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் காற்புள்ளியை நம்பித் தீர்மானிக்க வழியில்லை. அச்சுப் பதிப்பில் நீங்கள் பார்க்கும் காற்புள்ளி பதிப்பாசிரியரின் தீர்ப்பு. 3-ம் படியில் சொன்ன அழுத்தக்குறியும் அந்தக் காற்புள்ளியைப் பொறுத்தே மாறும். ஆகவே அழுத்தக்குறியை ஆதாரமாகக் காட்டி வாதாடாதீர்கள்.

பழைய திருப்புதல் ‘ஒரே பலியைச் செலுத்தி, என்றென்றைக்கும் தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்து’ என்று உட்கார்தலோடு சேர்க்கிறது. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவும் அப்படியே. கிங் ஜேம்ஸும் பல நவீன ஆங்கில மொழிபெயர்ப்புகளும் பலியோடு சேர்க்கின்றன.

இரு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. பலியோடு சேர்ப்பவர்கள் காட்டுவது ஆசிரியரின் பழக்கம். 7:3, 10:14 இரண்டிலும் தொடர் தன் வினைக்குப் பின்னால் நிற்கிறது. 10:1-ஐயும் அப்படியே வாசிப்பது இயல்பு. அந்தப் பழக்கத்தின்படி 10:12-லும் ‘செலுத்தி’க்குப் பின்னால் வருவது செலுத்துதலையே சேர வேண்டும். உட்கார்தலோடு சேர்ப்பவர்கள் காட்டுவது 11-ம் வசனம். அங்கே ஆசாரியன் நாடோறும் ‘நிற்பான்’. 12-ல் இவர் ‘உட்கார்ந்தார்’. நிற்பதற்கு எதிராக உட்கார்வது வைக்கப்படும்போது, இடையறாமல் என்ற சொல் உட்கார்தலுக்குத்தான் வலுவூட்டும்.

உட்கார்தலோடு சேர்ப்பவர்கள் 13-ம் வசனத்தையும் மறக்காமல் படிக்க வேண்டும்: ‘இனித் தமது சத்துருக்களைத் தமது பாதபடியாக்கிப்போடும்வரைக்கும் காத்துக்கொண்டிருக்கிறார்’. ‘வரைக்கும்’ என்று உடனே ஓர் எல்லை வருகிறது. டியேனெக்கெஸ் முடிவின்மையைக் குறிக்கும் என்று வைத்தால் 12-க்கும் 13-க்கும் நடுவில் உரசல். அறுபடாமல் என்று வைத்தால் உரசல் இல்லை. உங்கள் தாளின் 5-ம் பத்தியில் ‘வரைக்கும், வசனம் 13’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு பலியோடு சேர்க்கும் பக்கம் சாய்கிறது. ஆசிரியரின் பழக்கம் பலமான சாட்சி. ஆனால் வகுப்பில் இதை முடிந்த வழக்காகச் சொல்லாதீர்கள். இரண்டையும் சொல்லி, சபை கையில் இருக்கும் தமிழ் எதைத் தேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

10:1-லும் இதே கேள்வி சிறிய அளவில் உண்டு: ‘இடைவிடாமல் செலுத்துகிற’ என்பதா, ‘என்றைக்குமாகப் பூரணப்படுத்த மாட்டாது’ என்பதா? பின்னது 10:14-க்கு அழகாக இணையும். ஆனாலும் பெரும்பாலோர் முன்னதையே ஏற்கிறார்கள், பழைய திருப்புதலும் அதுவே. பின்னதை நீங்கள் ஏற்றால் படி 4-ல் எடுத்த முடிவின் முக்கிய ஆதாரம் பலவீனப்படும். அதனால்தான் அடுத்த இரண்டு படிகளைத் தவிர்க்க முடியாது.

6. அகராதியைத் திறக்கும்போது

அகராதியை இவ்வளவு தாமதமாகத் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் திறந்தால் அங்கே இருக்கும் பொருளை வசனத்தின்மேல் ஒட்டத் தொடங்கிவிடுவோம்.

அகராதிப் பதிவில் மூன்று பகுதிகள் இருக்கும்: சொற்பிறப்பு, பொருள், வரும் இடங்கள். பொருளை ஒரு தரம் படியுங்கள், வரும் இடங்களில் நேரம் செலவிடுங்கள்.

சொற்பிறப்பு கவர்ச்சியானது, ஆபத்தானது. ‘டியா’ என்றால் ஊடாக. ‘எனெங்கெய்ன்’ என்றால் சுமத்தல், கொண்டுபோதல். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கொண்டுபோகப்பட்டது என்பது சொல்லின் பிறப்பு. ‘ஆகவே கிறிஸ்து நம்மை முடிவுவரை சுமக்கிறார் என்பதுதான் கிரேக்க மூலத்தின் பொருள்’ என்று பிரசங்கத்தில் போகாதீர்கள். அந்த வசனத்தில் அப்படி இல்லை. சொல் பிறந்த விதம் அதன் பொருளுக்குப் பொறுப்பேற்காது.

ஒன்றை மட்டும் கவனிக்கலாம். 10:12-ல் ‘செலுத்தி’ என்பதற்கான கிரேக்கம் ‘ப்ரொஸெனெங்கஸ்’. அதிலும் அதே ‘எனெங்க்’ என்ற வேர் இருக்கிறது. இரண்டும் அருகருகே வரும்போது காதில் ஒலி இயைகிறது. எபிரெயரின் ஆசிரியர் ஒலியில் கவனமுள்ளவர். இது நடையழகு பற்றிய குறிப்பு. இதிலிருந்து உபதேசம் எடுக்காதீர்கள்.

7. வெளிச் சாட்சிகளைத் தேடுங்கள்

நான்கு வசனங்கள் போதாது என்று தோன்றினால் அது நல்ல அறிகுறி. அதே காலத்திலும் அதற்கு முன்னும் மற்றவர்கள் சொல்லை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்க வேண்டும். அகராதி காட்டும் இடங்களில் சில இவை.

ஹோமரிடம் இது காலத்துக்கான சொல்லே அல்ல, நீளத்துக்கான சொல். இலியட் 12-ம் காண்டத்தில் ஓக் மரங்களின் நீண்டு ஓடும் வேர்களுக்கு வருகிறது. ஒடிசி 18-ல் ஒடிஸியூஸ், ஏரைப் பிடித்தால் அறுபடாத உழவுச்சால் ஓட்டிக் காட்டுவேன் என்று சவால் விடுகிறான். அந்த அறுபடாத சாலுக்கும் இதே சொல். சால் வயலின் வரப்புவரைதான் ஓடும். நடுவில் ஏர் தூக்கப்படவில்லை என்பதே அங்கே பேச்சு.

கிரேக்கத்தில் எழுதப்பட்ட யூத நூலான 3 மக்கபேயர் 4:16-ல் வினையடை வருகிறது. தன் சிலைகளுக்கு விருந்து நடத்தும் அரசன் ‘டியேனெக்கோஸ்’ மகிழ்ச்சியால் நிறைந்திருந்தான். ஓயாமல் என்றுதான் அங்கே பெயர்க்க முடியும். 3:22-ல் ‘ஓயாமல் தீமையின் பக்கம் சாய்கிறவர்கள்’.

ஆதிச் சபைக் கால நூலான கிளமெந்தின் முதல் நிருபம் 24:1-ல், வரப்போகும் உயிர்த்தெழுதலை ஆண்டவர் நமக்கு ‘டியேனெக்கோஸ்’ காட்டிக்கொண்டிருக்கிறார் என்று இருக்கிறது. அடுத்து வரும் உதாரணங்கள் இரவும் பகலும், விதையும் விளைச்சலும். எபிரெயர் நிருபத்தை அறிந்திருந்த எழுத்து இது என்பதால் இதன் சாட்சி எடை கூடியது.

ரோம உள்நாட்டுப் போர்களை எழுதிய அப்பியான், சர்வாதிகாரியாக ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்ல நம் முழுத்தொடரையே பயன்படுத்துகிறார். நிரந்தரப் பதவி, ஆனால் மனிதன் சாகும்வரைதான்.

இங்கே கவனிக்க வேண்டிய வரம்பு ஒன்று. ஹோமருக்கும் எபிரெயருக்கும் நடுவில் பல நூற்றாண்டுகள். ஹோமரை மட்டும் காட்டிப் புதிய ஏற்பாட்டுப் பொருளை நிறுவ முடியாது. கிளமெந்தும் அப்பியானும் காலத்தால் அருகில் இருப்பவர்கள். அவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். வினையடையின் சாட்சியை முழுத்தொடரின் சாட்சியாக எண்ணிவிடாமல் தனியாகக் குறியுங்கள்.

8. அக்கம்பக்கத்துச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

எபிரெயரிலேயே ‘எய்ஸ் தொன் ஐயோன’ மெல்கிசேதேக்கு முறைமை பற்றிய பேச்சில் 5:6, 6:20, 7:17, 7:21, 7:24, 7:28 ஆகிய ஆறு இடங்களில் வருகிறது. எல்லாமே சங்கீதம் 110:4-ன் மேற்கோளோ அதன் எதிரொலியோதான். (பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்தில் சரிபார்க்கப் போகிறவர்கள் சங்கீதம் 109-ஐத் திறக்க வேண்டும், அங்கே எண்வரிசை ஒன்று குறையும்.) ஆக, ஐயோன் சங்கீதத்தின் குரல், டியேனெக்கெஸ் ஆசிரியர் தாமே தெரிந்தெடுத்த சொல். 7:3-ல் சங்கீதத்தை மேற்கோள் காட்டாமல், ஆதியாகமம் 14-ல் மெல்கிசேதேக்குக்கு முன்னோரும் பின்னோரும் சொல்லப்படாததை வைத்து அவர் பேசுகிறார். ஆசாரியத்துவம் கைமாறாத, இடைவெளி விழாத ஒருவனைப் பற்றிப் பேச அறுபடாமை என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

7:25-ஐயும் பாருங்கள். ‘முற்றுமுடிய இரட்சிக்க’ என்பதில் ‘எய்ஸ் தொ பன்தெலெஸ்’, ‘எப்பொழுதும் உயிரோடிருக்கிறவர்’ என்பதில் ‘பன்தொதெ’. 7:27, 9:12, 10:10-ல் ‘எஃபபக்ஸ்’, அதாவது ஒரேதரம். 10-ம் அதிகாரத்தின் நடை முழுவதும் இந்த ஒரேதரத்துக்கும் டியேனெக்கெஸுக்கும் நடுவில்தான் ஓடுகிறது: திரும்பத் திரும்பச் செய்தும் முடியாதது, ஒருதரம் செய்து முடிந்தது. 10:14-ன் வினை ‘தெதெலெயோக்கென்’, முடிந்த செயலின் விளைவு நிலைத்திருப்பதைக் காட்டும் காலம். அந்த வசனத்தின் உறுதி டியேனெக்கெஸிலிருந்து மட்டும் வரவில்லை. வினையின் காலமும் ‘ஒரே பலி’யும் சேர்ந்து தருகின்றன. ‘இந்தச் சொல் நித்தியம் என்று பொருள்படாது’ என்றதும் சிலர் 10:14-ன் வாக்குறுதி தளர்ந்துவிட்டதாகப் பதறுவார்கள். அப்படி இல்லை. அறுபடாமல் என்று சொல்லி எல்லை எதுவும் வைக்காமல் விட்டிருக்கிற வாக்கியம் அது. 10:1-ன் தொடர்ச்சிக்கு எல்லை வைக்க ‘முதலாவதை நீக்கிப்போடுகிறார்’ என்ற 10:9 இருக்கிறது. 10:14-க்கு எல்லை வைக்க எந்த வசனமும் இல்லை.

9. முடிவை எப்படி எழுதுவது

அரைப் பக்கம் போதும். ‘எய்ஸ் தொ டியேனெக்கெஸ்: இடையறாமல், தடையின்றித் தொடர்ந்து. எல்லை இருந்தால் சூழல் சொல்லும் (10:1). எல்லை சொல்லப்படாத இடத்தில் என்றென்றைக்கும் என்று பெயர்ப்பது தகும் (7:3, 10:14). 10:12-ல் சேர்க்கை இரு விதம்.’ இவ்வளவுதான். கீழே ஆதார இடங்களை எழுதித் தேதியும் போடுங்கள். அடுத்த முறை வேறு அகராதி கையில் கிடைத்தால் எதைச் சேர்க்க வேண்டும் என்று அப்போது தெரியும்.

பிரசங்கத்தில் கிரேக்கச் சொல்லை உச்சரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. ‘இங்கே என்றென்றைக்கும் என்று இருப்பதும் 10:1-ல் இடைவிடாமல் என்று இருப்பதும் மூலத்தில் ஒரே தொடர்’ என்று சொன்னால், பழைய திருப்புதலைக் கையில் வைத்திருக்கும் பாட்டியும் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார். வகுப்பில் கேள்வி எழுந்தால் தாளைக் காட்டுங்கள்.

10. அடுத்த பயிற்சி

கை சூடு ஆறுவதற்குள் ‘அயிடியொஸ்’ என்ற சொல்லை எடுங்கள். புதிய ஏற்பாட்டில் இரண்டே இடம்: ரோமர் 1:20, யூதா 6. தமிழில் ஒன்றில் ‘நித்திய வல்லமை’, மற்றதில் ‘நித்திய சங்கிலிகள்’. யூதாவின் அடுத்த வசனத்திலேயே ‘நித்திய அக்கினி’ வருகிறது. அங்கே கிரேக்கம் ஐயோனியொஸ். அடுத்தடுத்த வசனங்கள், தமிழில் ஒரே ‘நித்திய’, மூலத்தில் இரண்டு சொற்கள். அதே ஐந்து பத்தித் தாளைப் போடுங்கள். கடைசிப் பத்தியை நிரப்பும்போது யூதா 6-ல் ‘மகாநாளின் நியாயத்தீர்ப்புக்கென்று’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள்.